வெளிறாத முகம்

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வீட்டுக்கு வந்த ஜெசிந்தா, செருப்பைக் கழற்றும்போதே அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தாள். "அம்மா, வலிக்குதும்மா" என்றாள்.

அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்த பிலோமினா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மகளின் முகம் அப்போதுதான் கழுவித் துடைத்தது போலப் பளிச்சென்று இருந்தது. கன்னத்தில் இளஞ்சிவப்பு. நெற்றியில் ஒரு துளி வேர்வை இல்லை. "வெயில்ல வந்தது சூடு புடிச்சிருக்கும். மோர் இருக்கு, உப்புப் போட்டுக் குடி" என்று சொல்லிவிட்டுக் குழம்பைக் கிளறப் போய்விட்டாள்.

மோர் குடிக்க ஜெசிந்தா வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வந்து பார்த்தபோது, கூடத்துத் தரையில் முழங்காலை மடக்கிக்கொண்டு ஒருக்களித்துப் படுத்திருந்தாள். கண்கள் பாதி மூடியிருந்தன. எழுப்புவதற்காகக் கையைப் பிடித்த பிலோமினா திடுக்கிட்டாள். கை அவ்வளவு சில்லிட்டிருந்தது. உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். மெழுகாக வெளுத்துக் கிடந்தது. நகங்களுக்கு அடியில்கூட ரத்தம் இல்லை. பிறகு முகத்தைப் பார்த்தாள். முகம் மட்டும் அதே இளஞ்சிவப்பில், கல்யாண வீட்டுக்குக் கிளம்பியவளின் முகம் போல இருந்தது.

கையும் முகமும் ஒரே ஆளுடையவை என்று நம்ப முடியவில்லை. 

கணவர் சவரிமுத்து ரயில் ஓட்டுநர். காலையில்தான் சென்னை வண்டியை எடுத்துக்கொண்டு போயிருந்தார். வண்டி ஓடும்போது அவர் போன் எடுக்க முடியாது. பொன்மலை ரயில்வே குடியிருப்பில் பக்கத்து வீடும் பூட்டிக் கிடந்தது. பிலோமினா ஆட்டோவை வரவழைத்து, மகளைத் தோளில் சாய்த்து ஏற்றினாள். அந்த வண்டியில் ஓட்டுபவர் யாருமில்லை. அது தனக்கு விதித்த வேகத்தில் ஒவ்வொரு சிக்னலிலும் பொறுமையாக நின்று நின்று போனது. "சீக்கிரம் போப்பா" என்று கெஞ்சக்கூட எதிரே ஆள் இல்லை.

"அம்மா, தூக்கம் வருது" என்றாள் ஜெசிந்தா.

"தூங்காத கண்ணு. பேசிக்கிட்டே வா. ஏதாவது பேசு."

அந்த முகத்தை அவளுக்கு வாங்கிக் கொடுத்ததே பிலோமினாதான். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஜெசிந்தாவுக்கு வந்தவை சாதாரணப் பருக்கள் இல்லை. சீழ் கோத்த கட்டிகள். ஆறினால் குழி விழும். காலையில் தலையணை உறையில் ரத்தப் பொட்டுகள் இருக்கும். வகுப்பில் போட்டோ எடுக்கும் அன்று காய்ச்சல் என்று படுத்துக்கொள்வாள். வீட்டுக் கண்ணாடியைத் துண்டு போட்டு மூடி வைத்திருந்தாள். அந்தத் துண்டைப் பார்க்கப் பொறுக்காமல்தான் பிலோமினா அவளைத் தில்லைநகரில் தோல் மருத்துவர் பார்கவியிடம் அழைத்துப் போனாள்.

"முன்னெல்லாம் இந்த மாதிரி மாத்திரை சாப்பிடுறவங்களுக்கு லேசர் அடிக்கவே நாங்க பயப்படுவோம்" என்று டாக்டர் பார்கவி அன்று விளக்கினார். "மாத்திரையை நிறுத்தி மாசக்கணக்கா காத்திருக்கணும். இந்தப் புது மாத்திரை அப்படி இல்ல. லேசரோட சேர்ந்துதான் இது வேலையே செய்யும். நேரா எண்ணெய்ச் சுரப்பிக்குள்ள போய் உக்காந்துக்கும். வெளியிலேர்ந்து வெளிச்சம் அடிச்சா, அது உக்காந்திருக்கிற இடம் மட்டும் சுருங்கிடும். சுத்தி இருக்கிற மெல்லிசான ரத்தக் குழாய்களும் ஒரே அளவுல நின்னுடும். வீங்காது, சிவக்காது, வேர்க்காது, தோலும் கொஞ்சம் இறுகிக்கும். அப்புறம் வாரம் ஒரு மாத்திரை போட்டுக்கிட்டு வந்தாப் போதும்."

"வெக்கப்பட்டாக்கூட சிவக்காதா டாக்டர்?"

டாக்டர் சிரித்தார். "சிவக்காது. கோவப்பட்டாலும் தெரியாது. நல்லதுதானே?"

ஜெசிந்தாவும் சிரித்தாள். மகள் சிரித்துப் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது பிலோமினாவுக்கு. அந்தச் சிரிப்புக்காக அவள் எதற்கும் தலையாட்டியிருப்பாள்.

சொன்னது போலவே நடந்தது. குழிகள்கூட மேடேறிவிட்டன. ஜெசிந்தா கோயில் பாடகர் குழுவில் முன் வரிசைக்கு வந்தாள். கல்லூரியில் மேடையேறிப் பேசினாள். இரண்டாம் வருடம் வருவதற்குள் அவள் வகுப்பில் பாதிப் பேர் அதே முகத்தோடு இருந்தார்கள். பருவே வராத பிள்ளைகளும் போட்டுக்கொண்டார்கள். காரணம் வேறு. கம்பெனிகள் நேர்முகத் தேர்வைக் கேமராவிடம் விட்டிருந்தன. முகத்தில் ரத்தம் ஏறி இறங்குவதைப் பார்த்து, யார் பதறுகிறார்கள், யார் நிதானமாக இருக்கிறார்கள் என்று அது மதிப்பெண் போட்டது. இந்த முகம் உள்ளவர்கள் பதறியதாக அது ஒருநாளும் சொன்னதில்லை.

ஆட்டோ பெரிய ஆஸ்பத்திரி வாசலில் நின்றது.

அவசரப் பிரிவின் நுழைவில் ஒரு நாற்காலியும் அதற்கு எதிரே ஒரு கேமராவும் இருந்தன. வருகிறவர்கள் அதில் உட்கார வேண்டும். கேமரா முகத்தைப் பார்த்தே நாடித்துடிப்பு, சூடு, மூச்சு எல்லாவற்றையும் கணக்கிட்டு நிறம் சொல்லும். சிவப்பு என்றால் உடனே உள்ளே. மஞ்சள் என்றால் அடுத்து. பச்சை என்றால் காத்திருக்க வேண்டும். முன்பு போல ஆள் பார்த்து, சிபாரிசு பார்த்து உள்ளே விடுவதில்லை என்று ஊரே அதைப் பாராட்டிக்கொண்டிருந்தது. பிலோமினாவும் பாராட்டியவள்தான்.

ஜெசிந்தாவை உட்கார வைத்தாள். பச்சை விளக்கு எரிந்தது.

"பயப்பட ஒண்ணும் இல்லம்மா" என்றார் அங்கிருந்த நர்ஸ். "அங்க உக்காருங்க, கூப்பிடுவோம்."

"சிஸ்டர், கையைத் தொட்டுப் பாருங்க. ஐஸ் மாதிரி இருக்கு."

"ஏசி ஓடுதுல்ல, அப்படித்தான் இருக்கும்."

"நாடி படபடன்னு அடிக்குது சிஸ்டர்."

"மெஷின்ல நார்மல்தான் காட்டுது. இங்க பாருங்க." திரையைத் திருப்பிக் காட்டினார். அதில் ஒரு கோடு அலையலையாக, ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. பிலோமினா அதைப் பார்த்தாள். தன் விரலுக்கு அடியில் மகளின் மணிக்கட்டு துடிப்பதையும் கவனித்தாள். இரண்டும் ஒத்துப் போகவில்லை. கோடு நடந்துகொண்டிருந்தது, மணிக்கட்டு ஓடிக்கொண்டிருந்தது.

"இது தப்பா காட்டுது சிஸ்டர். இவளுக்கு முகத்துல லேசர் பண்ணியிருக்கோம். முகம் எப்பவும் இப்படித்தான் இருக்கும்."

நர்ஸ் கெட்டவர் இல்லை. எழுந்து வந்து ஜெசிந்தாவின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "நானா கலரை மாத்தினா ஏன் மாத்தினேன்னு மேல பதில் சொல்லணும்மா. வேண்டப்பட்டவங்கன்னு மாத்திவிட்டதா சொல்லி போன மாசம்தான் ஒரு நர்ஸை வேலையை விட்டே அனுப்பினாங்க. உங்க பொண்ணு நல்லாத்தான் இருக்கா. முகத்தைப் பாருங்க."

"முகத்தைப் பாக்காதீங்க சிஸ்டர்! கையைப் பாருங்க!"

அவள் போட்ட கூச்சலில் காத்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "சின்னப் பொண்ணுக்கு வயித்து வலி. அதுக்கு இவ்ளோ ஆர்ப்பாட்டமா? என் வீட்டுக்காரருக்கு மூச்சே விட முடியல" என்றாள் ஒரு பெண். அவள் கணவருக்குச் சிவப்பு எரிந்து அவரை உள்ளே கொண்டு போனார்கள். அடுத்து வந்தவருக்கு மஞ்சள். அவரையும் கூப்பிட்டார்கள். ஜெசிந்தாவின் தலை அம்மாவின் தோளிலிருந்து நழுவி நழுவி விழுந்தது.

"அம்மா... நீ பேசுறது எங்கயோ தூரத்துல கேக்குது."

பிலோமினாவின் வாயில் மந்திரம் போல மாதாவின் பெயர் ஓடியது. மகளை இழுத்துக்கொண்டு மறுபடி அந்த நாற்காலியில் உட்கார வைத்தாள். பச்சை. நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தி, விளக்கு வெளிச்சம் படாமல் பார்த்துக்கொண்டு இன்னொரு முறை வைத்தாள். மறுபடியும் பச்சை. ஜெசிந்தாவின் தலை மார்பில் தொங்கியது. அதை நிமிர்த்துவதற்காகப் பிலோமினா குனிந்தபோது, பயத்தில் வேர்த்து வெளிறியிருந்த அவளுடைய சொந்த முகம் கேமராவுக்கு நேராக வந்துவிட்டது.

சிவப்பு எரிந்தது. எங்கோ மணி ஒலித்தது.

உள்ளிருந்து இரண்டு பேர் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தார்கள். "யாருக்கு? அம்மாவுக்கா? படுங்கம்மா, படுங்க. நெஞ்சு வலிக்குதா?"

எனக்கு ஒன்றுமில்லை என்று சொல்லத்தான் வாய் திறந்தாள். சொல்லியிருந்தால் விளக்கு அணைந்திருக்கும். ஸ்ட்ரெச்சரும் திரும்பிப் போயிருக்கும். வாழ்க்கையில் பொய் சொல்லி எதையும் வாங்கிப் பழகாதவள் அவள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "வலிக்குது, தாங்க முடியல" என்று கத்தினாள். ஸ்ட்ரெச்சரில் படுத்தவள் மகளின் கையை விடவில்லை. "அந்தப் பொண்ணை விடுங்கம்மா" என்று அவர்கள் விரல்களைப் பிரிக்கப் பார்த்தார்கள். "என் பொண்ணு கூட வந்தாத்தான் நான் வருவேன்" என்றாள். வேறு வழியில்லாமல் ஒருவர் ஜெசிந்தாவைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார்.

கதவு சாத்தியதும் பிலோமினா எழுந்து உட்கார்ந்தாள். எதிரே நின்ற இளம் டாக்டரின் கையைப் பிடித்துத் தன் மகளின் மணிக்கட்டில் வைத்தாள். "எனக்கு ஒண்ணும் இல்ல சார். பொய் சொன்னேன். போலீஸ்ல வேணாலும் சொல்லுங்க. முதல்ல இவளைப் பாருங்க."

அந்த டாக்டரின் பெயர் அன்வர். நாடியில் கை வைத்ததுமே அவர் முகம் மாறியது. ஜெசிந்தாவின் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தார். உள்ளே சிவப்பாக இருக்க வேண்டிய இடம் சுண்ணாம்பு போல இருந்தது. அதற்குப் பிறகு அவர் பிலோமினாவிடம் எதுவும் பேசவில்லை. மற்றவர்களிடம்தான் பேசினார், உரக்க, அடுத்தடுத்து. ஸ்ட்ரெச்சரிலிருந்து பிலோமினாவை இறக்கி, அதில் ஜெசிந்தாவைக் கிடத்தி ஓடினார்கள்.

சினைப்பையில் இருந்த ஒரு நீர்க்கட்டி வெடித்து, ரத்தம் வயிற்றுக்குள் கொட்டிக்கொண்டிருந்தது. அறுவை சிகிச்சை முடிந்து டாக்டர் அன்வர் வெளியே வந்தபோது பிலோமினா சுவரோரம் தரையில் உட்கார்ந்திருந்தாள். அவரும் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.

"பொழைச்சுட்டாங்க. இன்னும் கொஞ்ச நேரம் வெளிய உக்கார வெச்சிருந்தா கஷ்டம்தான்."

பிலோமினாவுக்கு அழுகை வரவில்லை. "நாடி அப்படி ஓடுச்சே சார். மெஷின்ல எப்படி நார்மல்னு காட்டுச்சு?"

"ஒவ்வொரு துடிப்புக்கும் முகத்துல ரத்தம் துளி ஏறி இறங்கும். நம்ம கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். உங்க பொண்ணு முகத்துல அந்தக் குழாய் எல்லாம் ஒரே அளவுல நிக்குது. ஏறுறதும் இல்ல, இறங்குறதும் இல்ல. கேமராவுக்குத் துடிப்பே கிடைக்கல."

"கிடைக்கலன்னா கிடைக்கலன்னு சொல்லணும்ல?"

அன்வர் இல்லையென்று தலையசைத்தார். "சொல்லாது. இந்த வயசுப் பொண்ணுக்குப் பொதுவா எவ்வளவு இருக்குமோ, அதை அதுவா போட்டுக்கும். அப்படித்தான் எழுதியிருக்காங்க. முகம் நல்ல நிறமா இருக்கு, வேர்க்கல. அதனால பச்சை."

அவர் எழுந்து போவார் என்று பார்த்தாள். போகவில்லை.

"இதுக்கு முன்னாடி ஒரு பையன் வந்தான்" என்றார். "காலேஜ் பையன். தனியா வந்திருந்தான். அந்த வரிசையில உக்காந்துக்கிட்டே... பக்கத்துல இருந்தவங்க தூங்குறான்னு நெனச்சிருக்காங்க. முகம் அப்படி இருந்தது. ஏன்னு எங்களுக்கு அப்பப் புரியல. எனக்கு இன்னிக்குத்தான் புரியுது." சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "நான் மேல எழுதிக் குடுக்கிறேன். கேட்டா கேமராக்காரன் தோல் டாக்டரைக் கை காட்டுவான். தோல் டாக்டர் கேமராவைக் கை காட்டுவாங்க. இருந்தாலும் எழுதறேன்."

பெற்றவர்கள் யாரோ, அந்தப் பையனின் முகத்தைக் கடைசியாகப் பார்த்தபோது என்ன நினைத்திருப்பார்கள் என்று பிலோமினாவுக்குள் ஒரு கேள்வி எழுந்தது. அதை நினைக்காமல் இருக்கப் பார்த்தாள். முடியவில்லை.

மறுநாள் சவரிமுத்து வந்து சேர்ந்தார். கட்டிலில் படுத்திருந்த மகளைப் பார்த்து, "நல்லாத்தானே இருக்கா பிலோ" என்றார் நிம்மதியாக. பிலோமினா மகளின் உள்ளங்கையைத் திருப்பி அவரிடம் காட்டினாள். அது இன்னும் வெளுப்பாகவே இருந்தது. அவர் அதைத் தன் இரு கைகளுக்குள்ளும் பொத்திக்கொண்டார்.

டாக்டர் பார்கவி தானாகவே ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்தார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. "அவசரப் பிரிவுல முகத்தை வெச்சு ஆளை எடை போடுவாங்கன்னு நாங்க நெனச்சுக்கூடப் பாக்கலம்மா. நாங்க பருவைத்தான் பாத்தோம்" என்றார். மாத்திரையை நிறுத்திவிட்டால் குழாய்கள் மெல்ல மெல்லப் பழையபடி சுருங்கவும் விரியவும் தொடங்கும் என்றார். "ரெண்டு மூணு மாசத்துல முகம் பழையபடி ஆயிடும். ஆனா ஒண்ணு, பருவும் திரும்ப வரும். அதுதான் முதல் அடையாளம். பரு வந்துட்டா, முகம் உயிரோட இருக்குன்னு அர்த்தம்."

"வரட்டும்" என்றாள் பிலோமினா. ஜெசிந்தாவும் படுத்தபடியே தலையாட்டினாள்.

வீட்டுக்கு வந்த பிறகு பிலோமினா மகளின் முகத்தில் பருவைத் தேட ஆரம்பித்தாள். காலையில் காப்பி கொடுக்கும்போது தாடையைப் பார்ப்பாள். தலை வாரிவிடும் சாக்கில் நெற்றியோரம் பார்ப்பாள். ஒருகாலத்தில் எந்தப் பரு போக வேண்டும் என்று வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டாளோ, அந்தப் பரு வர வேண்டும் என்று இப்போது வேண்டிக்கொண்டாள். தூக்கம் கலையும் போதெல்லாம் எழுந்து போய் மகளின் கை சூடாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டு வருவாள்.

பயம் அவள் வீட்டோடு நிற்கவில்லை. பேருந்தில், கடைத்தெருவில், எங்கே பார்த்தாலும் அதே இளஞ்சிவப்பு முகங்கள் தென்பட்டன. முன்பு கண்ணுக்கு அழகாக இருந்தவை. இப்போது அவற்றில் யார் நலமாக இருக்கிறார்கள், யார் உள்ளுக்குள் சாய்ந்துகொண்டிருக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியவில்லை. பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரத்தில், கைகூப்புவதை விட்டுவிட்டுப் பக்கத்தில் நின்ற பிள்ளைகளின் கைகளைப் பிடித்துப் பார்த்தாள். அவர்கள் ஒன்றும் புரியாமல் சிரித்தார்கள்.

மழைக்காலம் வந்தது. கிறிஸ்துமஸ் குடில் கட்டும் நாளும் வந்தது. ஜெசிந்தாவின் முகத்தில் ஒரு பருகூட வரவில்லை.

அன்று மாலை ஜெசிந்தா பால்கனியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். பிலோமினா போய்ப் பக்கத்தில் நின்றாள். கேட்பதற்கு முன்பே பதில் தெரிந்திருந்ததால் அவள் குரல் உயரவில்லை.

"நீ இன்னும் மாத்திரை போடுற."

ஜெசிந்தா கையிலிருந்த துண்டை மடித்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள். "ஆமாம்மா."

"சாவு வாசல் வரைக்கும் போயிட்டு வந்தடி நீ. அதுக்கப்புறமுமா? பருவுக்குப் பயந்தா?"

"பருவுக்கு இல்ல."

"இன்டர்வியூவுக்கா? அந்த வேலை எதுவும் உனக்கு வேணாம். அப்பா சம்பளத்துல நாம—"

"அதுக்கும் இல்லம்மா."

"பின்ன எதுக்கு?"

ஜெசிந்தா கீழே தெருவைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "அந்தச் சேர்ல உக்காந்திருந்தப்ப, நான் செத்துக்கிட்டு இருக்கேன்னு எனக்குத் தெரியும்மா. சொல்ல வாய் வரல. எல்லாரும் என் மூஞ்சியைப் பாத்துட்டு, நல்லா இருக்கேன்னு சொல்றது கேட்டுச்சு. அன்னிலேர்ந்து பயம் போகவே இல்ல. லிஃப்ட்ல ஏறினா பயம். கண்ணை மூடினா பயம். கிளாஸ்ல சும்மா உக்காந்திருக்கும்போது திடீர்னு உள்ளுக்குள்ள நடுங்க ஆரம்பிச்சிடும். பக்கத்துல இருக்கிறவளுக்குக்கூடத் தெரியாது. இந்த மூஞ்சி போச்சுன்னா எல்லாருக்கும் தெரிஞ்சிடும். உனக்கும் தெரிஞ்சிடும். நீ ஏற்கனவே தூங்காம வந்து என் கையைத் தொட்டுப் பாத்துட்டுப் போற. நான் தூங்குறேன்னா நெனச்ச? என் மூஞ்சியில இருக்கிறது உன் கண்ணுல பட்டா நீ தாங்க மாட்டம்மா."

பிலோமினா அந்த முகத்தைப் பார்த்தாள். அதில் எதுவும் இல்லை. கடைக்குப் போய்விட்டு வருகிறேன் என்று சொல்பவளின் முகம் போல இருந்தது.

"இப்ப? இப்பவும் பயமா இருக்கா?"

"ரொம்ப."

பொய்யா நிஜமா என்று பார்த்துக் கண்டுபிடிக்க அங்கே எதுவும் இல்லை. மகள் வாயால் சொல்வதை நம்ப வேண்டும், அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில் அத்தனை பேரிடம் பிலோமினா கெஞ்சியதும் இதைத்தான்.

"எனக்கும்தான்" என்றாள் பிலோமினா.

"தெரியும்மா. உன்னைப் பாத்தாலே தெரியுதே." ஜெசிந்தா கையை நீட்டி அம்மாவின் நெற்றியில் அரும்பியிருந்த வேர்வையை வழித்தாள். ஈரமான விரல்களைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "இதை இப்படி எல்லாரும் பாக்குற மாதிரி வெச்சுக்கிட்டு எப்படிம்மா வெளிய போயிட்டு வர்ற?"

பிலோமினா யோசித்துப் பார்த்தாள். "தெரியல. பழகிடுச்சு."

துணிகளை உள்ளே எடுத்துப் போய் இருவரும் சேர்ந்து மடித்தார்கள். அந்த வாரத்து மாத்திரையை ஜெசிந்தா போடவில்லை. அடுத்த வாரத்தைப் பற்றி அவர்கள் பேசிக்கொள்ளவில்லை.